அடுத்த பிறந்தநாள் யாருக்கு

அக்டோபர் 5, திங்கள்

இன்று பயிற்சி. மண்டல அலுவலகத்து மாடியில் ஜன்னல்களையெல்லாம் திறந்துபோட்டு, ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்தார்கள். டாக்டர் அம்சவேணி முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. விழுந்ததை எழுதிவைக்கிறேன். இல்லாவிட்டால் நாளை தெருவில் நின்று உளறுவேன்.

மூக்கில் குச்சி விடும் டெஸ்ட், வைரஸ் இப்போது இருக்கிறதா என்று பார்க்கும். இது ரத்த டெஸ்ட். எப்போதோ வந்துபோயிருந்தால் உடம்பு அதை எதிர்த்துத் தயாரித்த ஆன்டிபாடி ரத்தத்தில் தங்கியிருக்கும். விருந்தாளி போன பிறகும் சிங்க்கில் கிடக்கும் காபி டம்ளர் மாதிரி. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு அரசாங்கத்திடம் இருக்கிறது. வந்ததே தெரியாமல் நடமாடியவர்கள் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் இந்த சர்வே.

குலுக்கலில் சில தெருக்கள், தெருவில் சில வீடுகள், வீட்டுக்கு ஒரே ஒரு ஆள். அந்த ஆளை நாமும் பொறுக்கக்கூடாது, வீட்டுக்காரர்களும் பொறுக்கக்கூடாது. அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவருக்குத்தான் ஊசி. "நம்ம இஷ்டத்துக்கு விட்டா, வீட்லயே கெடக்கிறவங்க கைதான் நீளும். ஊர் சுத்தறவன் தப்பிச்சிடுவான், கணக்கு பொய்யாயிடும்" என்றார் டாக்டர்.

யாருக்கும் தனியாக முடிவு சொல்லப்போவதில்லை. வார்டில் எத்தனை பங்கு என்று மட்டும் வரும். ரத்தம் எடுக்கும் எங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. இன்றே எங்களுக்கும் எடுத்தார்கள், முடிவையும் சொல்வார்களாம். கூட வேலை பார்க்கும் முபாரக் என் கையில் நரம்பைத் தேடி இரண்டு இடத்தில் குத்தினார். பதினாறு வருடமாக இந்த வேலை பார்க்கும் எனக்கே இந்த கதி.

வீட்டுக்கு வந்து, மொட்டைமாடி அறையைப் பெருக்கினேன். மேலே நல்ல காற்று வருகிறது.

அக்டோபர் 6, செவ்வாய்

முதல் நாள். கவச உடைக்குள் வியர்வை முழங்காலைத் தாண்டி ஓடியது. வீடு வீடாகப் போய், உங்கள் வீட்டில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு என்று கேட்டால் சிலர் நான் கேக் கொண்டுவந்திருக்கிறேனோ என்று பார்க்கிறார்கள். ஒரு அம்மா, எங்கள் வீட்டில் அதெல்லாம் கொண்டாடுவதில்லை என்று கதவைச் சாத்திவிட்டார். இன்னொரு வீட்டில் பிறந்தநாள் மனைவிக்கு வந்தது. அவர் கணவனைக் காட்டி, குடிப்பவர் அவர், அவருக்கே எடுங்கள் என்று ஒரே பிடிவாதம். சிரிப்பை அடக்கிக்கொண்டு மனைவியின் கையிலேயே ரப்பர் பட்டையைக் கட்டினேன்.

அம்மா படியில் வைத்திருந்த சாப்பாடு ஆறிப்போயிருந்தது. வத்தக்குழம்பு. எனக்குப் பிடிக்கும் என்பதற்காகச் செய்ததல்ல, செவ்வாய்க்கிழமை என்பதால்.

அக்டோபர் 8, வியாழன்

மழை. ஐஸ் பெட்டியின் கைப்பிடி அறுந்துவிட்டது. கயிறு கட்டித் தூக்கினேன்.

அக்டோபர் 10, சனி

இன்று போன ஒரு வீட்டில் மாலை போட்ட படம் இருந்தது. படத்திலிருந்தவருக்கு அப்பாவின் வயதுதான் இருக்கும். எதனால் என்று நான் கேட்கவில்லை. ஹார்ட் அட்டாக் என்று அவர்களே சொன்னார்கள். இந்த வருடம் எல்லா வீட்டிலும் ஹார்ட் அட்டாக்தான்.

எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல முடியவில்லை. நோய் வந்த தெரு என்று மறித்துத் தகரம் அடித்துவிட்டார்கள். ஜூன் கடைசியில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனிதர். ஆம்புலன்ஸில் ஏறும்போதுகூட யார் கையையும் பிடிக்கவில்லை. ஜூலை முதல் வாரத்திலேயே போய்விட்டார். அப்புறம் அம்மா, தம்பி ஆல்ட்ரின், நான், மூன்று பேருக்கும் குச்சி விட்டுப் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் இல்லை என்று வந்தது.

ஆனாலும் வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவள் நான் ஒருத்திதானே. கல்லறையிலிருந்து திரும்பிய அன்று அம்மா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து நீதான் கொண்டாந்த." கத்தவில்லை, அழவில்லை. காய்கறி எங்கே வாங்கினாய் என்பது போலச் சொன்னாள்.

மாடிக்குப் போ என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் மெத்தையைச் சுருட்டி மாடிப்படியில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அக்டோபர் 13, செவ்வாய்

எனக்கு இல்லை!

எங்கள் முடிவுகள் வந்துவிட்டன. முபாரக்குக்கு வந்துபோயிருக்கிறது, அவருக்கே தெரியாது. எனக்கு ஆன்டிபாடி இல்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கவச உடையோடு அழுவது மகா அவஸ்தை, மூக்கைக்கூடத் துடைக்க முடியாது.

டாக்டரிடம் ஓடினேன். அப்படியானால் எனக்கு வரவே இல்லை, நான் யாருக்கும் கொடுக்கவில்லை, அப்படித்தானே என்று கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். "அப்படிச் சொல்ல முடியாது எமல்டா. லேசா வந்திருந்தா மூணு நாலு மாசத்துல ஆன்டிபாடி கொறஞ்சு, டெஸ்ட்ல தெரியாமயும் போகும். இது ஊருக்குக் கணக்கு சொல்ற டெஸ்ட். ஒரு ஆளுக்குத் தீர்ப்பு சொல்லாது." நல்ல டாக்டர்தான். இன்று ஒருநாள் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம்.

இருந்தாலும் அம்மாவிடம் சொன்னேன். அடுக்களை ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, எனக்கு இல்லையாம் என்றேன். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மிஷின் தப்பாகவும் சொல்லும் என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

அக்டோபர் 15, வியாழன்

எங்கள் தெரு குலுக்கலில் விழுந்திருக்கிறது. எங்கள் வீடும்! சொந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்பது விதி, அதனால் என்னை மார்க்கெட் பக்கம் அனுப்பிவிட்டு முபாரக் போனார். காலையெல்லாம் என் மனசு அங்கேயே கிடந்தது. எங்கள் வீட்டில் அடுத்த பிறந்தநாள் ஆல்ட்ரினுக்கு, நவம்பரில். எனக்கு ஜூன், அம்மாவுக்கு பிப்ரவரி.

மத்தியானம் முபாரக் டீ குடித்தபடி சொன்னார். "உங்க அம்மாகிட்ட எடுத்துட்டேன் சிஸ்டர். தம்பி இப்ப இங்க இல்ல, வேற எங்கயோ தங்கியிருக்காருன்னாங்க."

ஆல்ட்ரின் எங்கும் தங்கவில்லை. காலையில் நான் கிளம்பும்போது கூடத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தான். அவனுடைய நீலச் சட்டை இந்த நிமிடம் என் அறைக்கு வெளியே கொடியில் காய்கிறது.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஊசி என்றால் பயம். அதனால்தான் இருக்கும்.

அக்டோபர் 16, வெள்ளி

முபாரக்கிடம் உண்மையைச் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டார். ஆள் இல்லையென்றால் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டுமே தவிர, வேறு ஆளை மாற்றி எடுக்கக்கூடாது. அம்மாவின் ரத்தத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மறுபடியும் போனார். தம்பி வேலைக்குப் போயிருக்கிறான் என்றாளாம் அம்மா. ஆல்ட்ரின் வேலை பார்த்த மொபைல் கடையை மூடி மாதக்கணக்காகிறது.

சாயந்திரம் அம்மாவிடம் கேட்டேவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்றேன். "கொழந்தைக்கு எதுக்கு ஊசி?" என்றாள். குழந்தைக்கு வயது இருபத்தொன்பது. தாடி வைத்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவளுடைய ரத்தத்தைத் தர அவள் யோசிக்கவில்லை. என்னைப் பழி சொல்லவும் யோசிக்கவில்லை. அவன் கையில் ஒரு ஊசி குத்தக்கூடாதாம்.

அக்டோபர் 19, திங்கள்

மூன்றாவது தடவை முபாரக் போனபோது வெளியே பூட்டு தொங்கியதாம். எங்கள் வீட்டை சர்வேயிலிருந்து எடுத்துவிட்டார்கள். டாக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துணி துவைத்தேன். சோப்பு தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 20, செவ்வாய்

கேரம் கிளப் இருக்கும் சந்தில் இன்று வேலை. கிளப் நடத்தும் தேசப்பனுக்குத்தான் அடுத்த பிறந்தநாள். கையை நீட்டிக்கொண்டே பேசினார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். "நீ ஆல்ட்ரின் அக்காதானே? அவன மாரி செவப்புக் காயப் போடறவன் இந்த ஏரியால கெடையாதும்மா. ஜூன்ல லாக்டவுன் போட்டாங்கல்ல, ஷட்டர எறக்கிட்டு உள்ள வெச்சே ஆடினோம். அப்பறம் நாலஞ்சு பசங்களுக்கு வாசன போச்சு, ஜொரம்னானுங்க. பயந்துபோயி மூடிட்டேன்."

யார் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சர்வேயில் அந்தக் கேள்வி கிடையாது. டியூபில் எண் ஒட்டினேன், பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன், நன்றி சொன்னேன். வரும் வழியில் இட்லி மாவு வாங்கினேன். மாடியில் அடுப்பு கிடையாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அக்டோபர் 21, புதன்

ஜூனில் ஆல்ட்ரின் மூன்று நான்கு நாள் படுத்திருந்தான். உடம்புச் சூடு என்று அம்மா அவன் தலையில் நல்லெண்ணெய் வைத்தாள், மோர் கொடுத்தாள். ஒருநாள் அவள் குளிக்கப்போன நேரத்தில் பால் பொங்கிக் கருகி வீடே நாறியது. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தவன் அசையவே இல்லை. வேலை முடிந்து வந்த நான்தான் ஓடிப்போய் அணைத்தேன், அவனைத் திட்டவும் செய்தேன்.

அவனும் அப்பாவும் கூடத்தில் ஒரே மின்விசிறிக்குக் கீழேதான் படுப்பார்கள்.

ஜூனில் யாருக்குத்தான் சூடு இல்லை. இதற்கு மேல் எழுத வேண்டாம்.

அக்டோபர் 23, வெள்ளி

எழுத வேண்டாம் என்றால் தலைக்குள் ஓடாமல் இருக்கிறதா? இன்று இரண்டு பேருக்கு நரம்பு தவறிவிட்டது.

ஆல்ட்ரினுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு பெண் விஷயம். அவள் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, இவன் பினாயிலைக் குடித்துவிட்டான். ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் நான். அம்மா செருப்பில்லாமல் பின்னால் ஓடிவந்தாள். அன்றிலிருந்து அவனிடம் வீட்டில் யாரும் குரல் உயர்த்துவதில்லை. கெட்ட செய்தி எதையும் அவன் காதில் போடுவதில்லை. மின்சாரக் கட்டணம் ஏறிய விஷயத்தைக்கூட என்னிடம்தான் சொல்வார்கள்.

போய்க் கேட்டால் என்ன ஆகும்? கேட்காவிட்டால் எனக்கு என்ன ஆகும்? நான் ஆயுசுக்கும் மாடியில்தான்.

அக்டோபர் 26, திங்கள்

சர்வே முடிந்தது. ஐஸ் பெட்டியை ஒப்படைத்தேன். கயிற்றை யார் கட்டினார்கள் என்று கேட்டார்கள்.

அக்டோபர் 30, வெள்ளி

எங்கள் வார்டுக்கு முடிவு வந்துவிட்டது. மூன்று பேரில் ஒருவருக்கு வந்துபோயிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கணக்கைவிடப் பல மடங்கு. பெரும்பாலானவர்களுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. பால்காரர், மளிகைக்காரர், கேரம் ஆடியவர்கள், ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள், வாசலில் கோலம் போட்டவர்கள், யாரிடம் வேண்டுமானாலும் இருந்திருக்கிறது.

பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தேன். வழியில் எதிரே வந்தவர்களை மூன்று மூன்றாகப் பார்த்தேன். மனசு கொஞ்சம் லேசானது. இத்தனை பேர் நடுவில் யாரிடமிருந்து யாருக்கு என்று எந்தச் சாமி சொல்லும்? இதைச் சொன்னால் அம்மா இறங்கிவருவாள் என்று நம்பினேன். பைத்தியக்காரி நான்.

மூன்றில் ஒருவருக்காம் அம்மா, நம் வார்டு முழுக்க என்றேன். அவள் வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஊர்க்கதை எனக்கெதற்கு, திங்கட்கிழமை கல்லறைக்குப் பூ சொல்லிவைத்தாயா என்றாள். கூடத்திலிருந்த ஆல்ட்ரின் டிவி சத்தத்தைக் குறைத்தான். நான் பேசி முடித்த பிறகும் அவன் கூட்டவில்லை.

நவம்பர் 2, திங்கள்

கல்லறைத் திருநாள். கூட்டம் கூடக்கூடாது என்று பங்குக் கோயிலிலிருந்து தெருவாரியாக நேரம் கொடுத்திருந்தார்கள். எங்களுக்குக் காலையில். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். ஜூலைக்குப் பிறகு அம்மாவின் தோள் என் தோளில் பட்டது இன்றுதான். ஆட்டோ சின்னது, வேறு வழியில்லை.

அப்பாவுக்கு இன்னும் கல் வைக்கவில்லை. மரச்சிலுவைதான் நிற்கிறது, மழையில் பெயர் பாதி அழிந்துவிட்டது. ஆல்ட்ரின் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனான். அம்மாவும் நானும் புல்லைப் பிடுங்கினோம். இரண்டு பேர் கையும் ஒரே மண்ணில் இருந்தது. இனிமேல் எப்போது இப்படி உட்காரப்போகிறோம் என்று தோன்றியதும், யோசிக்காமல் கேட்டுவிட்டேன். ஜூனில் ஆல்ட்ரினுக்கு வந்தது வெறும் சூடு இல்லை, அது உனக்குத் தெரியுமா என்றேன்.

அம்மா கையிலிருந்த புல்லைக் கீழே வைத்தாள். மறுப்பாள் என்று நினைத்தேன், மிஷின் கதை சொல்வாள் என்று நினைத்தேன்.

"தெரியும். பால் தீஞ்ச அன்னிக்கே தெரியும். குளிக்கற எனக்கு நாத்தம் வருது, அடுப்புகிட்ட ஒக்காந்திருக்கிறவனுக்குத் தெரியல."

அப்படியென்றால் ஏன் என்னைச் சொன்னாய் என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சொந்தக்காரங்க அத்தன பேரும் யாரு யாருன்னு தொளச்சாங்க. அவன் பேரு வந்தா என்ன பண்ணிப்பான்னு உனக்கே தெரியும். அவன் தாங்கமாட்டான் எமி. நீ தாங்குவ."

பாராட்டுவது போலத்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் நான் முதல் மார்க் வாங்கியபோதுகூட இந்தக் குரலில் பேசியதில்லை. எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. அந்த மண்ணை அள்ளி அவள் மேல் எறிய வேண்டும் போலவும் இருந்தது. நாலு மாதமாகப் படியில் உட்கார்ந்து தின்ற ஆறின சோறு தொண்டைக்கு வந்தது.

"நானும் தாங்கலம்மா" என்றேன். "நீ மேல ஏறி வந்து பாக்கல."

அம்மா என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், நெற்றியை, கண்ணை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாளி சத்தம் கேட்டது. "அவன் வரான், கண்ணத் தொடச்சிக்க" என்றாள்.

ஆல்ட்ரின் தண்ணீரைத் தெளித்தான். நான் மெழுகுவர்த்தி ஏற்றினேன். கடற்காற்று இரண்டு தடவை அணைத்தது. மூன்றாவது தடவை அவன் கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டான்.

நவம்பர் 3, செவ்வாய்

காலையில் கதவைத் திறந்தால் ஆல்ட்ரின் வாசலில் நின்றிருந்தான். அவன் என் அறைக்கு வந்ததே இல்லை. பயந்துவிட்டேன். முதலில் அவன் வாயைத்தான் பார்த்தேன், பிறகு கண்களை. ஒன்றும் ஆகவில்லை, தூங்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

உள்ளே வந்து என் மெத்தையில் உட்கார்ந்து சட்டைக் கையை மேலே சுருட்டினான்.

"எடுக்கா. நேத்து நீங்க பேசனது கேட்டுச்சு. வாளியோட பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன்."

சர்வே முடிந்துவிட்டது, வீட்டு ஆளுக்கு நான் எடுக்கவும் கூடாது என்றேன். முட்டாள்தனமாக விதியைச் சொன்னேன். அவன் கையை மடக்கவில்லை.

"வாசன போனப்பவே எனக்குத் தெரியும். அப்பா இருமறப்ப பக்கத்துலதான் படுத்திருந்தேன். சொல்லலாம்னு வாயத் தொறந்தா அம்மா எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிடும். எத்தினி வாட்டி! உனக்கு சோறு எடுத்துட்டு வந்து படியில வெக்கறதுகூட நான்தான். கதவத் தட்ட பயமா இருந்துச்சுக்கா."

அம்மா வைப்பதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எனக்கு அவன் மேல் வந்த கோபமும் பாவமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஒரு அறை விட்டிருப்பேன். அறைய ஓங்கிய கையாலேயே அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி படபடவென்று அடித்தது. மூன்று பேரில் ஒருவருக்கு வந்திருக்கிறதடா, யாரும் தெரிந்து யாருக்கும் கொடுக்கவில்லை என்றேன். எனக்காக வைத்திருந்த வார்த்தைகளை அவனுக்குச் சொல்லும்படி ஆயிற்று. அவன் அழுதான். நான் அழவில்லை, எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. கையை மட்டும் விடவில்லை.

உன் வாயால் அம்மாவிடம் சொல்வாயா என்று கேட்டேன். சொல்லிவிட்டுத்தான் மேலே வந்தேன் என்றான். அம்மா என்ன சொன்னாள் என்றேன். தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாளாம்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். முதலில் அவன் பெயர். பிறகு சத்தமே இல்லை. பிறகு என் பெயர்.

அவன் எழுந்து என்னைப் பார்த்தான். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.